30 கிராம் கட்டையில் 4 கிராம் தண்ணீர்

மரப்பேனா ஒன்றை ஆசையாக வாங்கி அலுவலக மேசையில் வைக்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் முனையிலிருந்து நெடுக்காக மயிரிழை போல ஒரு வெடிப்பு. ‘மட்டமான மரம்’ என்று செய்தவரைத் திட்டத் தோன்றும். மரத்தின் மேல் பழி இல்லை. பேனா பிறந்த இடத்துக்கும் அது வாழப்போன இடத்துக்கும் இடையில் காற்றின் ஈரம் மாறிவிட்டது. அவ்வளவுதான் கதை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அப்படி வெடித்த பேனாக்களில் சிலவற்றைச் செய்தவன் நான்.

சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கி, வார இறுதியில் பேனா கடைந்து நாலு காசு பார்க்கலாமா என்று நீங்களும் யோசித்துக்கொண்டிருந்தால், உளி பிடிப்பதற்கு முன்னால் இந்த ஈரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். உளி பிடிப்பது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

கடைசல் நமக்குப் புதிய வேலை அன்று. பம்பரம், மத்து, தொட்டில் கால், சப்பாத்திக் குழவி எல்லாம் கடைந்தெடுத்தவைதாம். (ஒருவரைத் திட்டும்போதும் ‘கடைந்தெடுத்த’ என்கிறோம். எனக்கு அப்போதெல்லாம் பட்டறையும் மோர்ப்பானையும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.) கட்டை சுழலும், உளி ஓரிடத்தில் நிற்கும், உளி தொட்ட இடமெல்லாம் வட்டமாகும்.

பேனாவுக்கு எடுக்கும் கட்டை 2 செ.மீ. சதுரமும் 13 செ.மீ. நீளமும் இருந்தால் போதும். அதை இரண்டாக அறுத்து, நடுவில் நெடுக 7 மி.மீ. துளை போட்டு, உள்ளே மெல்லிய பித்தளைக் குழாயைப் பசை வைத்துச் செருகுவார்கள். பசை காய்ந்ததும் இரண்டு துண்டுகளையும் ஓர் இரும்புக் கம்பியில் கோத்து இயந்திரத்தில் மாட்டிக் கடைவார்கள். பிறகு முனை, திருகு, கொக்கி ஆகியவற்றை இரு பக்கமும் அழுத்திப் பொருத்திவிட்டால் பேனா தயார். இந்த உலோகப் பாகங்கள் ‘பேனா கிட்’ என்ற பெயரில் பொட்டலமாகவே கிடைக்கின்றன.

இதில் ஓர் அளவைக் கவனியுங்கள். மெல்லிய வகைப் பேனாவின் முனைப்பகுதி, கடைந்து முடித்தபின் 8 மி.மீ. சொச்சம்தான் இருக்கும். உள்ளே 7 மி.மீ. பித்தளை. ஆக, அங்கே மரத்தின் கனம் ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கையில் நீங்கள் பிடித்திருப்பது மரத்தோல் போர்த்திய பித்தளைக் குழாய்.

பித்தளை சுருங்காது, மரம் சுருங்கும்

வெட்டி உலர்த்திய மரமும் சுற்றியுள்ள காற்றோடு தண்ணீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். அதன் நாரிழைச் சுவர்களுக்குள் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று ஈரமானால் அவை கூடும், வறண்டால் குறையும். கொஞ்ச நாளில் மரமும் காற்றும் ஒரு சமநிலைக்கு வரும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அந்தக் காற்றில், கூரைக்கு அடியில் திறந்தவெளியில் கிடக்கும் கட்டை, தன் உலர்ந்த எடையில் 16 விழுக்காடு அளவுக்குத் தண்ணீரை வைத்திருக்கும். அதே கட்டையை ஈரப்பதம் 55 விழுக்காடு உள்ள குளிர்சாதன அறையில் வைத்தால், அது 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

நாம் எடுத்த கட்டையின் எடை ஏறக்குறைய 30 கிராம். வெளியே இருக்கும்போது அதில் 4 கிராம் தண்ணீர். அலுவலக அறைக்குப் போனால் அதில் ஒன்றரைக் கிராம் ஆவியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரம் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே சுருங்கும், அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் பேனாவின் சுற்றளவு 26 மி.மீ. என்றால், அதில் ஒரு விழுக்காடு சுருங்கினாலும் கால் மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காது. அரை மில்லிமீட்டர் மரம் என்ன செய்யும்? கிழியும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். குளிர்நாட்டிலிருந்து நன்கு உலர்ந்த கட்டையை வரவழைத்து இங்கே கடைந்தால், அது நம் ஈரக்காற்றைக் குடித்து உப்பும். உலோக வளையத்தோடு சமமாக இருந்த மரம் சற்றே மேடு தட்டும். விரலால் தடவினால் தெரியும். வெடிப்பைவிட இது தேவலாம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பேனா எங்கே வாழப்போகிறதோ அந்தக் காற்றில் கட்டையைப் பழக்க வேண்டும். அறுத்த கட்டைகளைக் குளிர்சாதனம் ஓடும் அறையில், காற்று எல்லாப் பக்கமும் படும்படி, குறுக்குக் குச்சிகள் வைத்து அடுக்குங்கள். நகைக்கடைத் தராசு போன்ற, கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் அந்தக் கட்டை தயார். துளை போட்டபின் மீண்டும் சில நாள் விடுங்கள். துளை வழியாக உள் ஈரமும் வெளியேறும். நான் இந்தத் தராசு வேலையைத் தொடங்கிய பிறகு வெடித்துத் திரும்பி வந்த பேனாக்கள் மிகக் குறைவு. அதற்கு முன்னால் வந்தவற்றின் எண்ணிக்கையை இங்கே எழுத மனம் இல்லை.

வேகம், பசை, தூசி

பேனா கடைய நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றதும் பலர் மிரள்வார்கள். கணக்குப் பார்த்தால் பயம் தெளியும். 2 செ.மீ. கட்டையின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 3 மீட்டர்தான் ஓடுகிறது. அதே சுற்றில் 30 செ.மீ. அகலக் கிண்ணத்தைச் சுழற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆகவே பேனா கடைந்து பழகிய கையோடு கிண்ணத்துக்குப் போகிறவர்கள் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். கண்ணாடி, முழு முகத்திரை, மடித்த கைச்சட்டை, கட்டிய தலைமுடி என்பதெல்லாம் எதற்கும் பொது. கையுறை மட்டும் கூடாது. சுழலும் கட்டை அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

மெருகுக்குப் பலர் ‘சூப்பர் குளூ’ பசையைப் பூசுகிறார்கள். அந்தப் பசை காற்றில் உலர்வதில்லை. மரத்தின் மேலும் காற்றிலும் உள்ள நீரின் தொடர்பால் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகின்றன. நம் ஊர்க் காற்றில் அது அவசரமாக இறுகும். மழை நாளில் பூசினால் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். பூசுவதற்குத் தாள் துண்டைப் பயன்படுத்துங்கள். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம். பருத்தியில் இந்தப் பசை கொட்டினால் சட்டென்று இறுகி, கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். அரக்கு மெருகு இன்னொரு வழி. பார்க்க அழகு, கைக்கு இதம். ஆனால் அரக்கு ஆல்கஹாலில் கரையும். கைத்தூய்மித் திரவம் தடவிய ஈரக் கையோடு அந்தப் பேனாவைப் பிடித்தால் மெருகு விரலில் ஒட்டிக்கொண்டு வரும். விற்கும்போது இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தூசியைப் பற்றி மெதுவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உளி சீவும் சுருள் சுருளான செதில்களால் தொல்லை இல்லை, அவை தரையில் விழுந்துவிடும். மணல் தாள் தேய்க்கும்போது கிளம்பும் மாவு போன்ற தூள்தான் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவை, மரத்தூளை 1990களிலேயே புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய் அது. ஆண்டுக்கணக்காகத் தச்சுத் தொழிற்கூடங்களில் உழைத்தவர்களிடம் கண்டது என்றாலும், காற்று நுழையாத சின்ன அறையில் வார இறுதிதோறும் தேய்ப்பவர் அலட்சியமாக இருக்க முடியாது. தரமான என்95 முகக்கவரி அணியுங்கள். காற்றோட்டமான இடத்தில், தூசி உறிஞ்சியின் வாயைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்யுங்கள். குழந்தைகள் துணி காயப்போடும் பக்கம் வேண்டாம்.

இன்னொன்று: அழகான செந்நிறத்தைப் பார்த்து ரெங்காஸ் மரத்தைத் தொடாதீர்கள். மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளப்பும். அதன் தூளும் சிலருக்கு அதே வேலையைச் செய்யும். பழைய இரயில் தண்டவாளக் கட்டையும் வேண்டாம். கரையான் அரிக்காதிருக்கத் தாரெண்ணெய் ஊட்டிய கட்டைகள் அவற்றில் உண்டு.

எந்த மரம் என்று கேட்டால், என் கை முதலில் போவது பால்மரத்துக்குத்தான். 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த மரம் அது. அதன் வரலாற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி விடியுமுன் எழுந்து சீவிய மரம். 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அது வெறும் விறகு, புகைக்கூடத்துக்கு எரிபொருள். மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் ஏறிவிடும். போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தினால் இந்தத் தொல்லை தீரும் என்று ஆனபிறகுதான் மலேசியத் தளவாடத் தொழில் அதன் மேல் எழுந்து நின்றது. தளவாடத் தொழிற்சாலையில் கழித்துப் போடும் துண்டு ஒன்றில் சில பேனாக்கள் தேறும். நிறம் வெளிர், வரிகள் அடக்கம். மேசைமேல் கத்திப் பேசாத பேனா.

அதே மரத்தின் பாலிலும் பேனா உண்டு. ரப்பரோடு அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தகத்தைச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கறுத்துக் கெட்டியாகும். எபொனைட் என்பது அதுதான். நெல்சன் குட்இயர் 1851இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பழைய ஊற்றுப் பேனாக்கள் பலவற்றின் உடல் அதுவே. தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும் ஆந்திராவில் ராஜமுந்திரியிலும் அதைக் கையால் கடைந்து ஊற்றுப் பேனா செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எபொனைட் ஈரத்துக்குச் சுருங்காது, வெடிக்காது. ஆனால் வெயிலில் கிடந்தால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். கடையும்போது கந்தக வாடை வரும். மூடிக்கு மரை வெட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், தொடக்கத்தில் இது வேண்டாம்.

வீட்டில் பாட்டியின் உலக்கையோ உடைந்த கட்டில் காலோ இருந்தால் அதைவிட நல்ல கட்டை கிடையாது. ஐம்பது ஆண்டு உலர்ந்தது. ஆனால் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் சாயம் பூசியதைத் தேய்க்காதீர்கள்.

காசு தேறுமா?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. கிட் 12 ரிங்கிட், கட்டை 3, பசை, மணல் தாள், மெருகு 3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேனாவுக்குச் செலவு 18. விலை 55. கையில் 37 நிற்கிறது என்று மகிழ வேண்டாம். தொடக்கத்தில் பத்துக்கு இரண்டு கெடும். பத்துப் பேனாவுக்கு 180 செலவழித்து எட்டை விற்றால் 440, மிச்சம் 260. அதாவது கடைந்த ஒவ்வொன்றுக்கும் 26 ரிங்கிட். இயந்திரம், உளிகள், சாணைக்கல், தூசி உறிஞ்சி சேர்த்து 2,500 போட்டிருந்தால், அதை எடுக்கவே ஏறக்குறைய 100 பேனா கடைய வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 150 மணி நேரம். கடை வாடகையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதனால் என் யோசனை: வருமானத்துக்காக இயந்திரம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் யாரிடமாவது நாலு சனிக்கிழமை போய் நின்று கடைந்து பாருங்கள். விட மனம் வராவிட்டால் வாங்குங்கள். விற்கத் தொடங்கினால் எல்லாருக்கும் எல்லாம் செய்யாமல், கட்டையைக் கொண்டு வந்து தருகிறவருக்குச் செய்து கொடுங்கள். தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பால்மரம், இடித்த பள்ளியின் வாசற்கால் என்று கொண்டு வருகிறவர் 55 ரிங்கிட்டுக்குப் பேரம் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கட்டை வெடித்தால் இன்னொன்று கிடையாது. எனவே தராசில் வைத்து, எடை நிற்கும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ‘அடுத்த வாரம் கல்யாணம், அதற்குள் வேண்டும்’ என்பார்கள். முடியாது என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

கிட் வாங்கும்போது எந்த வகை மைக்குச்சி போடும் என்றும் கேட்டுவிடுங்கள். மெல்லிய வகைக் கிட்டுகள் பெரும்பாலும் கிராஸ் வகைக் குச்சிக்கானவை. பார்க்கர் வகைக் குச்சிதான் பக்கத்துப் புத்தகக் கடையில் எளிதாகக் கிடைக்கும்.