சாப்பிடவே பயமா? குடலுக்கும் உண்டு பைபாஸ்



வயிற்று வலி என்று கிளினிக்குக்கு வருபவர்கள் முதலில் சொல்வது, "கேஸ்டிரிக்குங்க டிரசர் ஐயா, அந்த வெள்ளை மருந்தைக் கொடுங்க." பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா வலியும் கேஸ்டிரிக் அல்ல.

2019-ல் ஓர் அம்மா வந்தார். வயது 65. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். நாலு வாய் சோறு உண்டால் அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் விடாது. பட்டினி கிடந்தால் வலி இல்லை. அதனால் தட்டைத் தள்ளிவிடுவார். "என் சமையல் பிடிக்கலை போல" என்று மருமகளுக்கு வருத்தம். "யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் பேச்சு. நானும் இரண்டு மாதம் வெள்ளை மருந்துதான் கொடுத்தேன். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்ததில், குடலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்திருந்தது தெரிந்தது.

இது எப்படி வருகிறது? வயிற்றிலுள்ள பெருந்தமனியிலிருந்து 3 கிளைகள் பிரிந்து இரைப்பைக்கும் குடலுக்கும் இரத்தம் கொண்டுபோகின்றன. சிகரெட், இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, இரத்தத்தில் கொழுப்பு ஆகியவற்றால் குழாயின் உட்சுவர் தடித்து வழி குறுகுகிறது. ஒன்று அடைத்தால் மற்றவை சமாளிக்கும். பெரும்பாலும் இரண்டு கெட்ட பிறகே வலி தெரியும். சாப்பிட்டதும் குடலுக்கு இரத்தம் கூடுதலாக வேண்டும். அது கிடைக்காதபோது குடல் வலியால் அலறுகிறது.

இப்போது பல பேருக்கு முதலில் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, அடைப்பை விரித்து, சிறு கம்பிவலை வைக்கிறார்கள். அது முடியாதவர்களுக்குத்தான் பைபாஸ். லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் நடுவில் அடைத்தால் என்ன செய்வோம்? அடைப்புக்கு முன்னால் வேறு குழாயை இணைத்து, அடைப்பைத் தாண்டிச் சேர்ப்போம் அல்லவா? அதேதான் இதுவும். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, தொடையிலிருந்து எடுத்த இரத்தக்குழாயையோ செயற்கைக் குழாயையோ பெருந்தமனியில் தைத்து, மறுமுனையை அடைப்புக்கு அப்பால் குடல் தமனியில் தைக்கிறார்கள்.

இது பெரிய ஆப்பரேஷன். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். முதலில் இருதயத்தையும் நுரையீரலையும் சோதிப்பார்கள். பிறகு மருந்தும் ஸ்கேனும் தொடர வேண்டும்; சிகரெட்டை அறவே விட வேண்டும். ஆனால் நோயைக் கவனிக்காமல் விட்டால், ஒருநாள் இரத்தம் உறைந்து குழாய் முழுதாக அடைத்து, சில மணி நேரத்தில் குடல் அழுகி உயிரே போகலாம்.

ஆகவே மூன்றை மறக்காதீர்கள்: சாப்பிட்டதும் வலி, சாப்பிடப் பயம், உடம்பு இளைப்பு. மூன்றும் சேர்ந்தால் மருந்து வாங்கிக் குடித்துக் காலம் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நம் தாய்மார்களோ வலியை வெளியே சொல்லமாட்டார்கள். வீட்டிலுள்ளவர்கள்தான் தட்டைக் கவனிக்க வேண்டும். திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 999-க்குக் கூப்பிடுங்கள்.

பைபாஸ் செய்துகொண்ட அந்த அம்மா இப்போது மருமகளிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்று அவர் கேட்டதை மருமகள் என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது.