கேடயம் எங்கே போச்சு? யாங்கோனில் நின்றுபோன ஒரு கோப்பை

"தம்பி, லீக்ல பணம் இருக்கிறவன் ஜெயிப்பான். கப்புல யாரு வேணும்னாலும் ஜெயிப்பான். அதனாலதான் எங்களுக்கு கப்பு பிடிக்கும்."

2019 கடைசியில் யாங்கோன் போயிருந்தபோது, காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், குட்டி ஸ்டூல் போட்ட டீக்கடை ஒன்றில் ஒரு தமிழ்ப் பெரியவர் சொன்னது இது. டிவியில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஓடிக்கொண்டிருந்தது. கடையே அதைத்தான் பார்த்தது. அவர் மட்டும் உள்ளூர் கால்பந்து பற்றிப் பேசினார். "ஐயா, நீங்க எந்த டீம்?" என்று கேட்டேன். "யாங்கோன்லயே பிறந்தேன், யாங்கோன் டீம்தான். ஆனா கப்புல சின்ன டீம் ஜெயிச்சா கை தட்டுவேன்" என்றார்.

அவர் சொன்ன கப்பின் பெயர் ஜெனரல் ஆங் சான் ஷீல்டு. மியான்மரின் தேசிய நாக்-அவுட் கோப்பை. தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அந்த ஆண்டு கேடயத்தை வென்றது யாங்கோன் யுனைடெட். 2018-லும் அதே அணிதான். அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தக் கேடயத்துக்குப் புதுச் சொந்தக்காரர் வரப்போவதில்லை என்று.

ஒரு கோப்பை நின்றுபோனதுக்கு ஒரு கட்டுரையா, அந்த நாட்டில் இதைவிடப் பெரிய கஷ்டங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. அந்தக் கஷ்டங்கள் ஒரு நாட்டின் அன்றாட வாழ்க்கையை எப்படிச் சுருக்கிவிடுகின்றன என்பதை இந்தக் கோப்பையை வைத்துப் பார்க்க முடியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆசியாவை ஆண்ட பர்மா

எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து 1960-களில் கப்பலில் சென்னை வந்தவர். கடை போச்சு, வீடு போச்சு என்று அவர் புலம்பி நான் அதிகம் கேட்டதில்லை. பர்மா டீம் ஆடின ஆட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். வயசான காலத்துப் பெருமை என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் அவர் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் பர்மாவுக்குத் தங்கம். 1970-ல் மறுபடி பாங்காக்கில், தென் கொரியாவோடு பகிர்ந்துகொண்ட தங்கம். நம் இந்திய அணி வெண்கலம் வாங்கிய அதே போட்டி அது. இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிப் பதக்கமும் அதுதான். 1968 ஆசியக் கோப்பையில் பர்மா இரண்டாம் இடம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சூடானை 2-0 என்று வென்றார்கள். சோவியத் யூனியனிடமும் மெக்சிகோவிடமும் தலா ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள். அந்தக் கால அணியின் பெரிய நட்சத்திரம் சுக் பகதூர், நேபாள வம்சாவளி. பல இனத்துப் பிள்ளைகளும் ஒரே சட்டையில் ஆடிய காலம்.

பிறகு நாடு கதவைச் சாத்திக்கொண்டது. பொருளாதாரம் சரிந்தது, கால்பந்தும் கூடவே சரிந்தது. 2009-ல் எட்டு அணிகளோடு மியான்மர் நேஷனல் லீக் தொடங்கியபோதுதான் மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது. பெரிய தொழிலதிபர்கள் அணிகளை எடுத்து நடத்தினார்கள், வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். அடுத்த ஆண்டே மண்டலேயின் யடனார்பொன் அணி, யாங்கோனில் நடந்த ஏ.எஃப்.சி பிரசிடென்ட்ஸ் கோப்பையை வென்றது.

லீக்கும் கோப்பையும்

பெரியவர் சொன்னது உண்மைதானா என்று கணக்குப் பார்த்தேன். 2009 முதல் 2023 வரை லீக் பட்டம் மூன்றே அணிகளிடம்தான் போயிருக்கிறது: யடனார்பொன், யாங்கோன் யுனைடெட், ஷான் யுனைடெட். நான்காவதாக ஒரு பெயர் இல்லை.

கோப்பையைப் பாருங்கள். 2014, 2015 இரண்டு முறையும் ஐராவதி யுனைடெட். 2016-ல் மாக்வே. இந்த இரண்டு அணிகளும் லீக்கை ஒரு தடவைகூட வென்றதில்லை. 2017-ல் ஷான், அடுத்த இரண்டு ஆண்டும் யாங்கோன். இரண்டாம் டிவிஷன் அணிகளும் இதில் ஆடலாம் என்பதால் பெரிய அணியைச் சின்ன அணி நேருக்கு நேர் சந்திக்க வாய்ப்பு இருந்தது. அப்போது கேடயத்தை வென்றால் வெறும் போட்டோவோடு முடியாது, ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி கோப்பைக்குள் நுழையவும் அது வழியாக இருந்தது. 2016-ல் ஜெயித்த மாக்வே, 2017-ல் மலேசியாவின் ஜோகூர் அணி இருந்த பிரிவில் போய் ஆடியது.

மாக்வே எங்கே இருக்கிறது? ஐராவதி ஆற்றங்கரையில், மழை குறைந்த வறண்ட பூமியில். பழைய யெனாங்யாங் எண்ணெய் வயல்கள் இருக்கும் பகுதி. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியக் கூலிகள் வேலை பார்த்த இடம். யாங்கோனிலிருந்து ஓர் இரவு பஸ் பயணம். இன்னொரு விஷயமும் உண்டு. ஜெனரல் ஆங் சான் பிறந்த நட்மாவ் ஊரும் மாக்வே பகுதியில்தான். 1915 பிப்ரவரி 13 அவர் பிறந்த நாள். அவருடைய நூற்றாண்டான 2015-ல்தான் கோப்பைக்கு அவர் பெயர் வந்தது. அடுத்த ஆண்டே அவர் ஊர்க்காரர்கள் அவர் பெயரிலான கேடயத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

லீக்கில் 20 ஆட்டத்துக்கு மேல் ஆட வேண்டும். நீளமான பெஞ்ச் வேண்டும், நல்ல சம்பளம் வேண்டும், காயம்பட்டவனுக்கு மாற்று ஆள் வேண்டும். சின்ன அணிக்கு இது தாங்காது. நாக்-அவுட்டில் நான்கைந்து நல்ல நாட்கள் அமைந்தால் போதும். இது பர்மாவுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2023-24 சீசனில் நம்ம ஐ.எஸ்.எல்-லில் ஒன்பதாம் இடத்தில் முடிந்த ஈஸ்ட் பெங்கால்தான் 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றது. 12 ஆண்டுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த தேசியக் கோப்பை.

நின்றது எப்படி?

2020-ல் கொரோனா. உலகம் முழுக்கப் போட்டிகள் நின்றன, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற நாடுகளில் ஆட்டம் திரும்பி வந்தபோது மியான்மரில் ராணுவம் வந்தது. 2021 பிப்ரவரி 1-ல் ஆட்சிக் கவிழ்ப்பு. அந்த ஆண்டு லீக்கே ரத்தானது.

வீரர்கள் சும்மா இருக்கவில்லை. ராணுவ ஆட்சியின் கீழ் தேசிய அணிக்கு ஆடமாட்டோம் என்று பலர் ஒதுங்கினார்கள். மலேசியாவில் ஆடிக்கொண்டிருந்த ஹெய்ன் ஹ்டெட் ஆங், கோல் போட்டுவிட்டு மூன்று விரலைக் காட்டினார். அதற்கு ஓர் ஆட்டத் தடை விதித்தார்கள். அந்த மார்ச் மாதக் கடைசியில் பகோவின் ஹந்தாவடி அணியின் 21 வயதுக்குட்பட்டோர் பிரிவு வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மே 28-ல் ஜப்பானின் சிபா நகரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. மியான்மர் 0-10 என்று தோற்றது. ஸ்கோரைவிட உலகம் பார்த்தது மாற்று கோல்கீப்பர் பியே லியான் ஆங்கை. தேசிய கீதம் ஒலிக்கும்போது மூன்று விரலை உயர்த்தினார். ஜூனில், அணி ஊர் திரும்பும் நாளில், கன்சாய் விமான நிலையத்தில் விமானம் ஏற மறுத்துவிட்டார். ஆகஸ்டில் ஜப்பான் அவருக்கு அகதி அந்தஸ்து கொடுத்தது. ஊரில் வீடு, குடும்பம், அணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு மனுஷன் அந்த வாசலில் நின்றான். 1960-களில் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது என்ன வலி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2022-ல் லீக் திரும்பியது. கேடயம் திரும்பவில்லை. திரும்பிய லீக்கும் பழைய மாதிரி இல்லை. ஆட்டங்கள் எல்லாம் யாங்கோன் நகரத்து மைதானங்களுக்குள்ளேயே நடந்தன. மாக்வே அணி ஆடும், ஆனால் மாக்வேயில் இல்லை. ஷான் அணி ஜெயிக்கும், ஆனால் ஷான் மலைக்காரன் அதை நேரில் பார்க்க முடியாது. சொந்த மைதானம் என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விட்டது. சண்டை நடக்கும் நாட்டில் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் சொந்த ஊர் இல்லாமல் லீக் நடத்தலாம், அட்டவணை நிரம்பிவிடும். நாக்-அவுட் கோப்பைக்கு ஊர் வேண்டும். பெரிய அணி பஸ் ஏறி சின்ன ஊருக்கு வர வேண்டும், அந்த ஊரே திரண்டு வந்து கத்த வேண்டும். கோப்பையின் ருசியே அங்கேதான் இருக்கிறது.

பதினெட்டு முதல் முப்பத்தைந்து

2024 பிப்ரவரி 10-ல் இன்னொரு அறிவிப்பு வந்தது. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வருகிறது: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அறிவிப்பு வந்ததும் யாங்கோனில் தாய்லாந்து விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நின்ற வரிசைகளை உலகம் பார்த்தது.

அந்த வயதை இன்னொரு முறை படியுங்கள். 18 முதல் 35. ஒரு கால்பந்து வீரனின் மொத்த ஆட்ட வாழ்க்கையும் அதுக்குள்தான் அடங்குகிறது. பெரிய அணியின் நட்சத்திரத்துக்கு ஏதோ ஒரு வழி கிடைக்கலாம். இரண்டாம் டிவிஷனில் ஆடுகிற பையனுக்கு? ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஆடி, நாளைக்கு ஏதாவது அணியில் சேரலாம் என்று இருக்கிற பையனுக்கு? யாங்கோனில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். கோப்பையில் ஆச்சரியத்தைக் கொண்டுவருகிறவர்கள் இந்தப் பையன்கள்தான். அவர்கள் ஊரில் இல்லை என்றால் கோப்பைக்கு ஆள் ஏது?

ஆங் சான் 1947 ஜூலை 19-ல், 32 வயதில், அதே யாங்கோனில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டு ராணுவத்தை உருவாக்கியவர் என்று ராணுவமும் அவரைக் கொண்டாடுகிறது. ஜனநாயகம் கேட்டு நின்றவர்களும் அவர் படத்தைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பெயர் என்று அந்த நாட்டில் மிச்சம் இருப்பது அநேகமாக அவர் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் பொறித்த கேடயத்தைத்தான் யாரும் ஆட முடியாமல் போனது.

நமக்கு இதில் என்ன வேலை? பர்மாவிலிருந்து வந்தவர்கள் நடத்தும் அத்தோ கடைகள் வடசென்னையில் இன்னும் இருக்கின்றன. அதே வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு கால்பந்தும் இருக்கிறது. யாங்கோன் நமக்கு அந்நிய ஊர் இல்லை. ஆனால் மியான்மர் செய்தி என்றால் குண்டு விழுந்த எண்ணிக்கையோடு முடித்துக்கொள்கிறோம். அங்கே நிலைமை சரியாகிறதா என்று அறிய ராணுவத்தின் அறிக்கையையும் தேர்தல் அறிவிப்பையும் மட்டும் பார்த்தால் போதாது. மாக்வேயில், மாக்வேக்காரர்கள் முன்னால், யாங்கோன் அணி வந்து ஒரு நாக்-அவுட் ஆட்டம் ஆடியது என்று செய்தி வருகிறதா என்று பாருங்கள். அது வர வேண்டுமென்றால் சாலை திறந்திருக்க வேண்டும், கூட்டம் கூடப் பயமில்லாமல் இருக்க வேண்டும், 20 வயதுப் பையன்கள் ஊரில் இருக்க வேண்டும்.

அந்த டீக்கடைப் பெரியவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். அப்படி ஒரு செய்தி வரும் நாளில் அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும், யார் ஜெயித்தாலும் கை தட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.