வானிலிருந்து பூமி (ஒளிப்படக் கண்காட்சி)

வானிலிருந்து பூமி என்பது பிரான்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் யான் ஆர்த்தூசு-பெர்த்ரான் வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களைக் கொண்ட திறந்தவெளிக் கண்காட்சி ஆகும். பிரெஞ்சு மொழியில் இது 'லா டெர் வூ டு சியெல்' என அழைக்கப்படுகிறது. 2000 ஆம் ஆண்டு பாரிசு நகரின் லுக்சம்பர்க் பூங்காவைச் சூழ்ந்துள்ள இரும்பு வேலியில் இப்படங்கள் வைக்கப்பட்டன. பின்னர் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளி வளாகத்திலும், வேறு பல நாடுகளின் நகரங்களிலும் இக்கண்காட்சி இடம்பெற்றது. பார்வையாளர்களிடம் கட்டணம் பெறப்படவில்லை.

பின்னணி

ஆர்த்தூசு-பெர்த்ரான் 1946 ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தவர். 1970களின் பிற்பகுதியில் சிங்கங்களின் வாழ்க்கையை ஆராய்வதற்காகத் தம் மனைவியுடன் கென்யா நாட்டின் மசாய் மாரா பகுதிக்குச் சென்றார். அங்கே வருவாய்க்காக வெப்பக்காற்றுப் பலூன் ஓட்டியபோதுதான், தரையில் நின்று காண இயலாத நில அமைப்புகள் மேலிருந்து புலப்படுவதை உணர்ந்தார். 1991 இல் வான்வழி ஒளிப்படங்களுக்கென 'ஆல்டிடியூட்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். யுனெசுகோ அமைப்பின் ஆதரவுடன் 1994 இல் தொடங்கிய திட்டத்தின் விளைவாக 1999 இல் நூலும், அதனைத் தொடர்ந்து கண்காட்சியும் வெளிவந்தன.

படங்கள் பெரும்பாலும் உலங்கு வானூர்தியிலிருந்து (ஹெலிகாப்டர்) எடுக்கப்பட்டவை. நிலப்படம் வரைவதற்கான வான்வழி ஒளிப்படங்கள் நேர் செங்குத்தாக எடுக்கப்படும். அவற்றில் தொலைவுகளை அளக்க முடியும். இவருடைய படங்கள் பலவும் சாய்ந்த கோணத்தில் எடுக்கப்பட்டவை. இவற்றில் அருகில் உள்ளவை பெரிதாகவும் தொலைவில் உள்ளவை சிறிதாகவும் தெரிவதால், ஒரே அளவுகோல் படம் முழுவதற்கும் பொருந்தாது. மறுபுறம், மேடு பள்ளங்கள் நன்கு புலப்படும். காலை, மாலை வேளைகளின் நீண்ட நிழல்கள் இதற்கு மேலும் உதவுகின்றன.

திறந்தவெளியில் காட்சிப்படுத்தல்

அருங்காட்சியகத்தின் உள்ளே ஒளிப்படங்கள் மங்கலான விளக்கொளியில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்படுவது வழக்கம். வெளியில் இம்முறை பயன்படாது. பகலொளியில் கண்ணாடி எதிரொளித்துப் பார்ப்பவரின் முகத்தையே காட்டும். மழைநீர் தாளை உப்பச் செய்யும். கதிரவ ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் சாயத்தைச் சிதைக்கும். பொதுவாக மஞ்சளும் செந்நிறமும் முதலில் வெளிறி, நீலம் மட்டும் எஞ்சும். கடைத்தெருவில் பல மாதங்களாக ஒட்டப்பட்டிருக்கும் திரைப்படச் சுவரொட்டிகளில் இதனைக் காணலாம். எனவே இத்தகைய கண்காட்சிகளில் ஒளியைத் தாங்கும் மையும், நீர்புகாத மேற்பூச்சும், பளபளப்புக் குறைந்த பரப்பும் தேவைப்படுகின்றன.

பார்வையாளரின் நிலையும் மாறுபடுகிறது. கூடத்திற்குள் வருபவர் படம் பார்க்கவென்றே வருகிறார். வேலியோரம் நடப்பவரோ வேறு பணிக்குச் சென்றுகொண்டிருப்பவர். சில நொடிகளில் அவரை நிறுத்த வேண்டும். பெரிய அளவும் அழுத்தமான வண்ணங்களும் அதற்கே உதவுகின்றன. நின்றவருக்கு ஒவ்வொரு படத்தின் அருகிலும் விளக்கவுரை காத்திருந்தது. பார்வையாளர்கள் மேலேறி நடந்து, படங்கள் எடுக்கப்பட்ட இடங்களைத் தேடக்கூடிய பெரிய உலக வரைபடமும் கண்காட்சியின் ஒரு பகுதியாக இருந்தது.

வோவின் இதயம்

நூலின் அட்டையில் இடம்பெற்ற படம் இது. பசிபிக் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சிப் பகுதியான நியூ கலிடோனியாவில் உள்ள வோ என்னும் ஊருக்கு அருகில் 1990 இல் எடுக்கப்பட்டது. அலையாத்திக் காட்டின் நடுவே இதய வடிவில் ஒரு வெளி தெரிகிறது. இதனை எவரும் வெட்டி உருவாக்கவில்லை. அவ்விடம் சுற்றுப்புறத்தை விடச் சற்றே மேடானது. உயர் ஓதங்களின்போது மட்டுமே கடல்நீர் அங்கே ஏறும். அந்நீர் ஆவியானதும் உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. உவர்ப்பு மிகுந்த அம்மண்ணில் அலையாத்தி மரங்களும் வளர இயலுவதில்லை. பிற்காலத்தில் செடிகொடிகள் பரவியதால் இதய வடிவம் முன்போலத் தெளிவாக இல்லை. ஆகவே இப்படத்தைக் காண்பவர்கள் எடுக்கப்பட்ட ஆண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விளக்கவுரைகள்

கென்யாவின் சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவில் தனித்து நிற்கும் வேல மரத்தை நோக்கிப் பல திசைகளிலிருந்தும் கோடுகள் வருகின்றன. அவை நிழலையும் இலைகளையும் நாடி வரும் விலங்குகளின் தடங்கள் என்பது விளக்கத்தைப் படித்த பின்னரே விளங்கும். அமெரிக்காவின் யெல்லோசுட்டோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றைச் சுற்றிக் காணப்படும் மஞ்சள், செம்மஞ்சள் வளையங்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் வாழும் நுண்ணுயிர்களால் ஆனவை. குவைத்தின் சாகுரா அருகே எடுக்கப்பட்ட படத்தில் விளையாட்டுப் பொருட்கள் போலச் சிதறிக் கிடப்பவை, 1991 வளைகுடாப் போரில் அழிந்த ஈராக்கியப் பீரங்கி வண்டிகள். நூலில் ஒவ்வோர் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் தரப்பட்டுள்ளன. ஒரு மாதிரிப் பொருளின் கீழ் அது கிடைத்த இடத்தை எழுதிவைக்கும் அருங்காட்சியக மரபை இது ஒத்துள்ளது. இன்று மாணவர்கள் அவ்வெண்களைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் இட்டு, அதே இடத்தின் பிற்கால நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விமர்சனங்கள்

உயரத்திலிருந்து பார்க்கும்போது வறுமையும் மாசும் கூட அழகிய கோலங்களாகிவிடுகின்றன என்பது இவ்வகைப் படங்கள் மீதான முதன்மையான குறை. ஐவரி கோசுட்டு நாட்டின் கோரோகோ பகுதியில் பஞ்சுப் பொதிகளின் மேல் படுத்து இளைப்பாறும் தொழிலாளியின் படம் இதற்கு எடுத்துக்காட்டு. வெண்மேகத்தின் மேல் மிதப்பவர் போல அவர் தோன்றுகிறார். அவருடைய கூலியைப் பற்றி அப்படம் எதுவும் கூறுவதில்லை. இக்குறையில் நியாயம் உண்டு. விளக்கவுரை அதனை ஓரளவே ஈடுசெய்கிறது, அதுவும் நின்று படிப்பவர்களுக்கு மட்டும்.

சூழலைக் காக்க வேண்டும் என்று கூறும் படங்களை எடுக்கப் பெருமளவு எரிபொருள் செலவிடப்பட்டது என்பது மற்றொரு குறை. ஆர்த்தூசு-பெர்த்ரான் 2005 இல் 'குட்பிளானட்' அமைப்பை நிறுவினார். தம் வானூர்திப் பயணங்களால் வெளியாகும் கார்பனை ஈடுசெய்ய 2006 இல் 'அக்சியோன் கார்போன்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். வெளியாகும் அளவைக் கணக்கிட்டு, அதற்கேற்ப வேறிடங்களில் கார்பனைக் குறைக்கும் பணிகளுக்குப் பணம் வழங்குவது இதன் முறை. ஏற்கனவே வளிமண்டலத்தில் கலந்த புகையை இது திரும்பப் பெறுவதில்லை.