சுடுகாட்டுப் பாதையும் முன்னோரும்

நீத்தார் வழிபாடு பற்றிப் பேச வருகிற நமது ஆய்வாளர்கள் பெரும்பாலும் நடுகல்லில்தான் தொடங்குகிறார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. செங்கம் வட்டார நடுகற்கள் 1972இல் தொகுக்கப்பட்டு அச்சேறின. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் உண்டு, பெயரும் உண்டு. காய்ச்சலில் செத்த கூலிக்காரிக்கு? பிரசவத்தில் போனவளுக்கு? வீரம் என்கிற சொல்லாடலுக்கு வெளியே கிடக்கும் இந்தச் சாவுகளைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

கோலியனூரைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்தில், புதைக்கிற வழக்கமுள்ள குடும்பங்களில் பால் தெளி, பதினாறாம் நாள் காரியம் என்பவற்றோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மாசி அமாவாசையையொட்டி மயானக் கொள்ளை வருகிறது. எங்கள் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மன்தான் இதற்குத் தலைமை. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தைக் கீழே இறக்க, அவள் மயானத்தில் சோற்றைச் சூறைவிட்டாள் என்பது கதை. சுண்டல், கொழுக்கட்டை, காய்கனி, சில்லறைக் காசு என்று ஜனங்களும் சூறைவிடுகிறார்கள். அதே நாளில் வட மாவட்டங்களில், குறிப்பாக வேலூர்ப் பாலாற்றங்கரையில், குடும்பம் குடும்பமாகப் போய்ப் புதைத்த இடத்தைச் சுத்தம்செய்து, பூப்போட்டு, செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிறார்கள். ‘அவுங்களுக்கும் பசிக்குமில்ல’ என்பார்கள். இதற்கான தத்துவம் அவ்வளவுதான்.

தர்ப்பணத்தை இதோடு வைத்துப் பாருங்கள். எள், தண்ணீர், கோத்திரம், மூன்று தலைமுறைப் பெயர், சொல்லிக்கொடுக்க ஒரு புரோகிதர் இருந்தால் எந்த ஆற்றங்கரையிலும் முடித்துவிடலாம். படையலுக்கு மந்திரம் வேண்டாம், இடைத்தரகர் வேண்டாம். பெண்கள் சமைக்கிறார்கள், அவர்களே உட்கார்ந்து அழுகிறார்கள். ஆனால் படையலுக்குக் குறிப்பிட்ட ஓர் இடம் வேண்டும். அங்கே போக வழியும் வேண்டும்.

அதிகாரம் நுழைவது இங்கேதான். ஊர்ச் சுடுகாடு வேறு, காலனிச் சுடுகாடு வேறு. காலனிக்கான பாதை பல ஊர்களில் யாரோ ஒருவரின் பட்டா நிலத்துக்குள் போகிறது. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் வழி மறுக்கப்பட்டு, ஒரு தலித்தின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பிணம் எப்படிப் போனது என்று எல்லோரும் கேட்டோம். அடுத்த மாசியில் படையல் சட்டி எப்படிப் போகும் என்று கேட்கவில்லை. பிணம் ஒரு முறைதான் போகிறது. உயிரோடிருப்பவர்கள் வருஷா வருஷம் போகவேண்டியிருக்கிறது.

மதம் மாறினாலும் கதை இதுதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியோடு போகிறவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கத் திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையிலேயே சுவர் எழுப்பினார்கள்.

படையலை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களும், நாட்டார் மரபு என்று கொண்டாடுகிறவர்களும் இந்தப் பாதையைப் பார்ப்பதில்லை. பாதையை மறிப்பது, உனக்கு முன்னோரே கிடையாது, நீ நேற்று வந்தவன் என்று சொல்வதுதான். பிணம் நடுவழியில் நிற்கும்போது மட்டும் ஓடிப்போய் மறியல் செய்தால் போதாது. ஒவ்வொரு காலனியின் மயானப் பாதையும் கிராம வரைபடத்தில் பொதுப்பாதையாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏறவில்லையென்றால் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். மாசி அதற்குப் பிறகுதான் வருகிறது.