கடைமடைக்கு எட்டிய ஒளி

நுழையும்முன்

ஏரி நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்வது உண்டு. அதுபோலவே, பேட்டரியில் மின்னாற்றல் நிறைந்திருந்தும் பழைய மகிழுந்தின் முகப்பு விளக்கு மங்கி எரிவது உண்டு. இரண்டுக்கும் காரணம் வழியில் ஏற்படும் இழப்பே. அவ்விழப்பைக் குறைக்க உதவும் ‘ரிலே’ என்னும் சிறு கருவியைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

மலைப்பாதையும் மங்கிய விளக்கும்

சித்தூரும் திருப்பதியும் மலைகள் சூழ்ந்த ஊர்கள். பழந்தமிழ் நூல்கள் வேங்கடம் என்று போற்றும் மலை, திருப்பதிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அம்மலையிலிருந்து வாகனங்கள் இறங்கும் சாலை 1944-ஆம் ஆண்டிலும், ஏறும் சாலை 1974-ஆம் ஆண்டிலும் அமைந்தன. சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் வழியில் மொகிலி மலைப்பாதையும், சந்திரகிரியிலிருந்து பீலேர் செல்லும் வழியில் பாகராப்பேட்டை மலைப்பாதையும் உள்ளன. காடும் வளைவும் நிறைந்த இத்தகைய பாதைகளில், இரவில் ஓட்டுநருக்குக் கண்ணாக விளங்குவது முகப்பு விளக்கே.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். சாலையில் உருண்டு கிடக்கும் பாறையை ஓட்டுநர் 14 மீட்டர் தாமதமாகக் கண்டால், தடையை அழுத்த அவருக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு நொடி குறைகிறது. உயிரைக் காக்க அந்த ஒரு நொடியே போதுமானதாக இருக்கலாம்.

ஒளி எங்கே போகிறது?

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மகிழுந்து அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டு உருவான இதனை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்தது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014-இல் நின்றது. ஆயினும் அம்பாசிடரைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உள்ளனர். அவர்களுள் பலர் கூறும் குறை, இரவில் வெளிச்சம் போதவில்லை என்பதாகும்.

வெளிச்சம் குறைந்தால் பேட்டரி பழுது என்று கருதுவது இயல்பு. திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலேயே அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலை இருப்பதால், இப்பகுதியில் புதிய பேட்டரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேட்டரியை மாற்றிய பிறகும் விளக்கு மங்கலாகவே எரிவது உண்டு. குறை பேட்டரியில் இல்லாமல் மின்சாரம் செல்லும் வழியில் இருப்பதே அதற்குக் காரணம்.

பழைய மகிழுந்துகளில், விளக்குக்கு உரிய மின்னோட்டம் முழுவதும் ஓட்டுநரின் முன்னுள்ள சுவிட்ச் வழியாகவே செல்கிறது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் எஞ்சின் அறையைக் கடந்து சுவிட்சை அடைகிறது. பின்னர் ஒளியை உயர்த்தித் தாழ்த்தும் மற்றொரு சுவிட்சைக் கடக்கிறது. அதன் பிறகே மீண்டும் முன்பக்கம் சென்று விளக்கை எட்டுகிறது. இவ்வழி நீண்டது, கம்பியோ மெல்லியது. காலப்போக்கில் இணைப்புகளில் களிம்பு ஏறுகிறது. சுவிட்சின் தொடுமுனைகள் தேய்கின்றன. இவை அனைத்தும் மின்தடையை மிகுவிக்கின்றன.

எளிய கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். 60 வாட் பல்புகள் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக்கம்பி 6 மீட்டர் நீளம் இருந்தால், அதன் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம் ஆகும். சுவிட்சும் பழைய இணைப்புகளும் சேர்ந்து மேலும் 0.1 ஓம் தருவதாகக் கொள்வோம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் மின்னழுத்தம் கிடைக்கும் என்பது ஓம் விதி. ஆகவே 10 ஆம்பியரை 0.2 ஓமால் பெருக்க, 2 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. விளக்கை எட்டுவது 10 வோல்ட் மட்டுமே.

இரண்டு வோல்ட் சிறு இழப்பாகத் தோன்றலாம். ஆனால் இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தம் குறைவதைக் காட்டிலும் மிக விரைவாகக் குறையும். 12 வோல்ட்டுக்கு உரிய பல்புக்கு 10 வோல்ட் கிடைத்தால், ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும். தொலைந்த ஆற்றல் கம்பியிலும் சுவிட்சிலும் வெப்பமாகிறது. அதனாலேயே பழைய மகிழுந்துகளில் சுவிட்ச் சூடேறுவதும் சில வேளைகளில் கருகுவதும் நேர்கின்றன.

மதகு போன்ற ரிலே

ஏரியின் மதகைத் திறப்பவர் நீரைச் சுமந்து செல்வதில்லை. அவர் கதவை உயர்த்துகிறார். நீர் தன் வழியே பாய்கிறது. ரிலேயும் அத்தகையதே. அது சிறு மின்னோட்டத்தின் கட்டளையைப் பெற்று, பெரு மின்னோட்டத்துக்கு வழி திறக்கும் கதவாகும்.

ரிலேயினுள் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதில் மின்சாரம் பாயும்போது, சுருளின் நடுவிலுள்ள இரும்பு மின்காந்தமாகி ஒரு சிறு தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்ததும் இரு தொடுமுனைகள் சேர்ந்து, பெரு மின்னோட்டம் பாயும். கட்டளை நின்றால், சுருள்வில் தகட்டை விலக்கிவிடும். சுருளை இயக்க ஏறத்தாழ 0.15 ஆம்பியர் போதும். பத்து ஆம்பியரைச் சுமந்த பழைய சுவிட்ச், இனி அந்தச் சிறு அளவை மட்டும் சுமந்தால் போதும்.

இக்கருவி மகிழுந்துக்காகப் பிறந்ததன்று. 1830-களில் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி இதன் தொடக்க வடிவத்தை உருவாக்கினார். நெடுந்தொலைவு செல்லும் தந்திக் குறிப்பு வழியில் வலுவிழந்தபோது, இடையில் இருந்த ரிலே அதைப் புதிய மின்கலத்தின் வலிமையுடன் அடுத்த ஊருக்கு அனுப்பியது. தொடர் ஓட்டத்தில் களைத்த வீரர் அடுத்தவரிடம் கோலைக் கொடுப்பதை இது ஒத்திருந்தது.

பொருத்தும் முறை

மகிழுந்து ரிலேயின் முனைகளுக்கு எண்கள் உண்டு. 85, 86 ஆகியவை சுருளின் முனைகள். 30 என்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் நுழையும் முனை. 87 என்பது விளக்குக்குச் செல்லும் முனை. தேர்ந்த மின்பணியாளர் முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார். முன்பு விளக்குக்குச் சென்ற பழைய கம்பியை 86-இல் இணைத்து, 85-ஐ வண்டியின் உடற்பகுதியில் இணைப்பார். பின்னர், பேட்டரியிலிருந்து 30-க்கும், 87-இலிருந்து விளக்குக்கும் தடித்த புதிய கம்பிகளை இழுப்பார். விளக்கிலிருந்து உடற்பகுதிக்குத் திரும்பும் கம்பியையும் புதுப்பிப்பார். மின்சாரம் திரும்பும் வழி பழுதானால், செல்லும் வழி சீராக இருந்தும் பயனில்லை.

2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றரை மீட்டர் நீளம் சென்றால், இழப்பு 0.1 வோல்ட் அளவே இருக்கும். கடைமடைக்கு நீர் எட்டியதுபோல விளக்குக்கு முழு ஆற்றல் கிட்டும்.

இப்பணியில் இரண்டு காப்புகள் இன்றியமையாதவை. முதலாவது, பேட்டரிக்கு மிக அருகில் முதன்மை மின்னுருகி பொருத்துவது. புதிய கம்பி உராய்ந்து வண்டியின் உடலில் பட்டால், மின்னுருகியே தீயைத் தடுக்கும். இரண்டாவது, ஒளியைப் பிரித்துக் காப்பது. உயர் ஒளிக்கு ஒரு ரிலே, தாழ் ஒளிக்கு ஒரு ரிலே. இடப்பக்க விளக்குக்கு ஒரு மின்னுருகி, வலப்பக்க விளக்குக்கு ஒரு மின்னுருகி. இவ்வாறு பிரித்தால், மலை வளைவில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று வழி காட்டும்.

ஒளியும் பண்பும்

வெளிச்சம் கூடியதும் பொறுப்பும் கூடுகிறது. எதிரே வருபவரின் கண் கூசினால், ஒருவருக்கு நன்மையான ஒளி மற்றவருக்குத் தீங்காகும். எனவே பணி முடிந்ததும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளி விழும் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். அளவுக்கு மீறிய வாட் கொண்ட பல்புகளைத் தவிர்க்க வேண்டும். எதிரே வாகனம் வரும்போது ஒளியைத் தாழ்த்துவது சாலையில் ஒருவர் மற்றவருக்குக் காட்டும் மரியாதை.

சொல்லும் பொருளும்

கடைமடை – வாய்க்காலின் கடைசியில் நீர் பெறும் நிலம்
மதகு – ஏரி நீரைத் திறந்துவிடும் அமைப்பு
களிம்பு – உலோகத்தின் மேல் படியும் மாசு
மின்னுருகி – மின்னோட்டம் மிகுந்தால் உருகி இணைப்பைத் துண்டிக்கும் கம்பி, பியூஸ்
இழை விளக்கு – மெல்லிய உலோக இழை சூடாகி ஒளிரும் விளக்கு

பயிற்சி

1. புதிய பேட்டரி பொருத்திய பிறகும் விளக்கு மங்கி எரிவது ஏன்?
2. மதகுக்கும் ரிலேக்கும் உள்ள ஒற்றுமையை உம் சொற்களில் எழுதுக.
3. 8 ஆம்பியர் மின்னோட்டம் 0.25 ஓம் மின்தடை வழியாகப் பாய்கிறது. இழக்கும் மின்னழுத்தம் எவ்வளவு?
4. இரண்டு விளக்குகளுக்கும் தனித்தனி மின்னுருகி வைப்பதன் பயன் யாது?
5. உம் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய ஊரின் ஏரி, மதகு, கடைமடை பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.