வரிசையாக எழுதினால் வரிசையாக ஓடுமா?

நோட்.ஜேஎஸ்ஸில் மூன்று வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறோம். ஃபைலைப் படித்துப் பெயர்களைப் பட்டியலில் போடு, பட்டியலை அகரவரிசையாக்கு, புது ஃபைலில் எழுது. ஓட்டிப் பார்த்தால் புது ஃபைல் காலி. பிழைச் செய்தியும் வராது, அதுதான் கொடுமை.

ஃபைலைப் படிக்கச் சொன்னதும் ஜாவாஸ்கிரிப்ட் அங்கேயே காத்து நிற்பதில்லை. வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அப்போது பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை.

தையற்கடையில் துணியைக் கொடுத்துவிட்டு, “தைத்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வருவோமே, அந்த நம்பர்தான் கால்பேக். படிக்கும் ஃபங்ஷனிடம், முடிந்ததும் அழைக்க வேண்டிய ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்துவைக்கிறோம். பெயரை மட்டும்! பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது அந்தக் கணமே ஓடிவிடும்.

நோட் மரபில் கால்பேக்கின் முதல் இடம் பிழைக்கு. பிழை வந்திருந்தால் அதைக் கவனித்துவிட்டு ‘ரிட்டர்ன்’ போட்டு வெளியேற வேண்டும். மறந்தால், படிக்காத ஃபைலை வைத்துக்கொண்டு மிச்ச வேலை நடக்கும்.

மூன்று படிகள் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதிச் சமாளிக்கலாம். ஏழெட்டு ஆனால் நிரல் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். ‘கால்பேக் நரகம்’ என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஃபார் லூப் உதவாது. எல்லா வேலையையும் ஒரே மூச்சில் தொடங்கிவிடும்.

எனக்குப் பிடித்த வழி இது. ஃபங்ஷன்களை ஒரு அரேயில் வையுங்கள். ‘அடுத்து’ என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். அது அரேயிலிருந்து ஒன்றை எடுத்து, எத்தனையாவது என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டி, எடுத்ததை ஓட்டும்; அதற்குக் கால்பேக்காகத் தன்னையே கொடுக்கும். வேலை முடிந்தவர் ‘அடுத்து’வை அழைப்பார். அரே தீர்ந்தால் நின்றுவிடும். பத்து வரிதான். நோட்டுக்கான எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்கில் வரும் ‘நெக்ஸ்ட்’டும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

2015-இல் ப்ராமிஸும் 2017-இல் அசிங்க், அவெய்ட்டும் ஜாவாஸ்கிரிப்டின் தரத்தில் சேர்ந்தபின் மறுபடி ஒன்றன்கீழ் ஒன்றாகவே எழுத முடிகிறது. ஆனால் ஃபார்-ஈச்சுக்குள் அவெய்ட் போட்டு ஏமாறாதீர்கள், அது யாருக்காகவும் காத்திருக்காது. அங்கே ஃபார்-ஆஃப் போடுங்கள்.