சக்கரம் சுற்றினால் போதுமா?

அமெரிக்காவின் பேட்டில்பாட்ஸ் போட்டியில் மோதும் ரோபோவின் எடை வரம்பு 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ. 48 அடிச் சதுரக் களம், எஃகுத் தரை. தள்ளுமுள்ளில் தோற்ற அணிக்கு அடுத்த முறை பெரிய மோட்டாராகப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது வீண் செலவு.

மோட்டாரின் பலம் தரையோடு சேரும் இடம் சக்கரத்தின் அடிப்பகுதி மட்டுமே. சக்கரத்தின் மேல் இறங்கும் எடையை உராய்வு எண்ணால் பெருக்கினால் வருவதுதான் உந்துவிசையின் உச்சம். 3 பவுண்டு வகுப்பைச் சேர்ந்த குட்டி ரோபோவின் எடை 1.36 கிலோ. உராய்வு எண் 0.8 என்று வைத்துக்கொண்டால், அது தள்ளுவது 1.1 கிலோ விசைதான். அதற்கு மேல் முறுக்கினால், சேற்றில் சிக்கிய லாரியைப் போலச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அந்த 1.1 கூட, மொத்த எடையும் ஓட்டுசக்கரங்களின் மேல் நின்றால்தான். பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் தரையை உரசும் ஆப்பு என்று அமைத்தால், ஆப்பு தாங்கும் எடை உந்துதலுக்கு உதவாது. உரசி எதிராகவும் வேலை செய்யும். அதனால்தான் பேட்டரியை அச்சுக்கு மேலே நகர்த்துகிறார்கள். சுழலும் ஆயுதமும் சும்மா இருப்பதில்லை. பிரேசிலின் ரியோபாட்ஸ் அணியினுடைய மினோட்டார் என்ற ரோபோ வேகமாகத் திரும்பும்போது, அதன் உருளையின் கைரோ விசை ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பார்க்க நடனம் மாதிரி அழகுதான். தூக்கிய சக்கரத்தால் பயனில்லை.

உராய்வு எண்ணோ சக்கரத்தின் பொருளைப் பொறுத்தது. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நுரைச் சக்கரத்துக்கு லேடெக்ஸ் பூசுவோரும் உண்டு. தூசி படிந்தால் எல்லாம் போச்சு. மோதலுக்கு முன் துடைத்தே ஆக வேண்டும்.

எஃகுத் தரையில் இன்னொரு வழி, அடியில் நியோடிமியம் காந்தம். அது 2 கிலோ விசையில் கீழே இழுத்தால், நம் குட்டி ரோபோவின் உந்துவிசை 2.7 கிலோவாகிவிடும். ஆனால் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் இழுப்பு வெகுவாகக் குறையும். தரையில் கிடக்கும் இரும்புத் துகளெல்லாம் வந்து அப்பிக்கொள்ளும். இதைவிடப் பெரிய தொல்லை மோட்டாருக்கு. முன்பு பாரம் மிஞ்சினால் சக்கரம் வழுக்கி அதைக் காப்பாற்றியது. இப்போது வழுக்காது, மோட்டார் நின்றுபோய், மின்னோட்டம் எகிறி, சுருள் கருகும். அதனால் காந்தம் வைப்பவர்கள் கியர் விகிதத்தையும் கூட்டுகிறார்கள். வேகம் கொஞ்சம் குறையும், மோட்டார் பிழைக்கும்.